அரைத் தொட்டி நன்னீர்

அன்புள்ள மகள் நிரோ,

நீ எசெக்ஸ் கரைக்கு வேலைக்குப் போய் இன்றோடு பதினேழு நாள். இந்தப் பதினேழு நாளுக்குள் அம்மா இரண்டு தடவை உன்னிடம் வந்து நின்றுவிட்டுப் போய்விட்டாள். நான் ஒருக்காலும் வரவில்லை. முழங்கால் நோகிறது, ஷிப்ட் மாற்ற ஆள் இல்லை, இரண்டு ரயில் மாறவேண்டும் என்றெல்லாம் சொன்னேன். நீயும் நம்பினாய். முழங்கால் நோகிறது என்பது உண்மைதான். ஆனால் நான் வராததற்குக் காரணம் அதில்லை. உன்னுடைய பிரிவுபசார விருந்தில் நீ எழும்பி நின்று சொன்ன கதைக்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருக்கிறது. அம்மா வேலைக்குப் போனபிறகு குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். சொல்லவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை முதல் வரியிலேயே எழுதி முடித்திருக்கலாம். அப்படி எழுதினால் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும், ஏன் செய்தேன் என்று தெரியாது. மன்னிப்பு வாங்குவதற்காக இதை நீட்டுகிறேன் என்று நினைக்காதே. உனக்கு முப்பது வயதாகப் போகிறது. அப்பா எப்படிப்பட்ட ஆள் என்று முழுதாகத் தெரிந்துகொள்கிற வயது.

எனக்கு உன் அம்மாவில் பொறாமை. இதை எழுதிவிட்டு எழும்பிப்போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், அவ்வளவு வெட்கமாக இருக்கிறது. ஆட்களுக்கு அயலவரின் வீட்டில், அண்ணன் தம்பியின் காரில் பொறாமை வரும். எனக்கு என் வீட்டுக்குள்ளேயே வந்தது. இருபத்திரண்டு வருசமாக இருக்கிறது. நீ அவளின் பிள்ளையாகப் போய்விட்டாய் என்ற பொறாமை. உன்னை அவள் தன் பக்கம் இழுத்தது சேலையாலோ சமையலாலோ கோயிலாலோ இல்லை. தண்ணீரால்.

நானும் அம்மாவும் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தபோது பழகினோம் என்பது உனக்குத் தெரியும். மேல்மாடியில் அவளின் தமையன் குடும்பத்தோடு அவள், கீழே நாங்கள் நான்கு பெடியன்கள், எல்லாருக்கும் ஒரே குசினி. நான் வன்னியில் குளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். அவள் மன்னார்க் கரையில், ஆழமில்லாத பரவைக்கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். நாங்கள் முதல் சண்டை பிடித்ததே மீனில்தான். ஒருநாள் நான் எங்கேயோ தேடிப்பிடித்து உறைந்த விரால் மீன் வாங்கிவந்து சமைத்தேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உதை எப்படிச் சாப்பிடுறீங்கள்? மண் மணக்குது" என்றாள். நான் விடவில்லை. "உங்கட மீன் மட்டும் என்ன, உப்பு மூட்டை" என்றேன். "உப்பிலதான் மீனுக்கு உயிர்" என்றாள். இப்படித் தொடங்கினதுதான் எங்கள் கலியாணம். ஆகவே அந்த வித்தியாசத்தில் எனக்கு முதலில் கோபமே இருக்கவில்லை. அது எங்களுக்கு விளையாட்டாக இருந்தது. நீ பிறந்து, தோர்ண்டன் ஹீத்துக்கு வீடு மாறி வந்த பிறகும் கொஞ்சக் காலம் விளையாட்டாகவே இருந்தது.

ஏழு வயது வரைக்கும் நீ என்னுடைய ஆள். எனக்கு பஸ் ஓட்டுகிற வேலையில் கிழமை நாளில் லீவு வரும். பள்ளிக்கூடம் விட்டதும் உன்னைக் கூட்டிக்கொண்டு பார்க்கில் இருக்கும் குளத்துக்குப் போவேன். தயிர் வாளி ஒன்று, தேத்தண்ணீர் வடி ஒன்று, அவ்வளவுதான் சாமான். தண்ணீருக்குள் இருக்கும் தும்பிக் குஞ்சை நீ முதன்முதலாகப் பிடித்தபோது அது உன் விரலைக் கவ்விவிட்டது. நீ அழவில்லை. "அப்பா, இது பறக்குமோ?" என்று கேட்டாய். பறக்கும், ஆனால் இரண்டு வருசம் இந்தச் சேற்றுக்குள் கிடக்கவேண்டும் என்றேன். குளத்துத் தண்ணீர் நிற்கிற தண்ணீர், வெயிலில் சூடாகும், சூடானால் அதில் காற்றுக் குறையும், அதனால்தான் சில பூச்சிகள் மேலே வந்து வயிற்றில் காற்றுக் குமிழை ஒட்டிக்கொண்டு கீழே போகின்றன என்று காட்டினேன். பிறகு உன்னை வாண்டில் ஆற்றுக்குக் கூட்டிப்போய்க் கல்லைப் புரட்டிக் காட்டினேன். ஓடுகிற தண்ணீர் குளிர்ந்த தண்ணீர், காற்று நிறைய இருக்கும், ஆனால் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் அங்கே இருக்கிற பூச்சிகள் தட்டையாகக் கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆற்றுப் பூச்சி ஒன்றை நீ தயிர் வாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். அது பின்னேரத்துக்குள் செத்துப்போனது. "குளத்துப் பூச்சி சாகேல்லையே, இது ஏன் செத்தது?" என்று கேட்டாய். தண்ணீர் எல்லாம் ஒன்றில்லை என்று அன்றைக்கு உனக்குச் சொன்னவன் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னுக்கு நான் தெரியாமல் செய்தேன் என்று நீ சமாதானம் தேடக்கூடாது.

அடுத்த ஓகஸ்டில் லண்டனுக்குள் வெக்கை தாங்காமல் லீ கரைக்குப் போனோம். நாங்கள் போய் இறங்கின நேரம் வற்று, கடல் பின்வாங்கிக் கிடக்கிற நேரம். தேம்ஸ் கடலோடு சேருகிற கழிமுகம் கண்ணுக்கெட்டின தூரத்துக்குச் சேறாகக் கிடந்தது. "கடல் எங்க போட்டுது?" என்று நீ அழத் தொடங்கினாய். நான் திரும்பிப்போவோம் என்றேன். அம்மா சப்பாத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சேற்றுக்குள் இறங்கினாள். லண்டனில் ரோட்டைக் கடக்கவே என் கையைப் பிடிக்கிறவள். எங்கே கால் வைத்தால் புதையும், எங்கே புதையாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. குனிந்து கையை விட்டாள், மட்டி வந்தது. இன்னொரு இடத்தில் விட்டாள், புழு வந்தது. ஒரு கல்லைப் பிரட்டிச் சின்ன நண்டைப் பின்பக்கத்தால் பிடித்து உன் உள்ளங்கையில் வைத்தாள். பரவைக்கடல் மாரியில் மழைத்தண்ணீர் வந்து சப்பென்று போகும், கோடையில் வற்றிக் கடலைவிட உப்பாகும், அங்கே இருக்கிற உயிர்கள் இரண்டையும் தாங்கவேண்டும், இந்த நண்டும் அந்தச் சாதிதான் என்று அவள் உனக்குச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு அவள் ஒருநாளும் இதெல்லாம் சொன்னதில்லை. நான் கரைச் சுவரில் இரண்டு சோடிச் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று பார்த்தேன். பெருக்கு வந்து தண்ணீர் முழங்கால் தொடுகிற வரைக்கும் நீங்கள் திரும்பவில்லை.

திரும்பி வருகிற ரயிலில் நீ அவளின் மடியில் படுத்திருந்து என்னைக் கேட்டாய்: "அப்பா, உங்கட குளத்தில தண்ணி வெளிய போட்டுத் திரும்பி வருமோ?"

"இல்லை. அது அங்கயேதான் நிக்கும்."

"அப்ப பாவம்" என்றாய்.

ஏழு வயதுப் பிள்ளை சொன்ன சொல். அதற்கு ஒரு கருத்தும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லை நான் இருபத்திரண்டு வருசமாகக் கொண்டு திரிகிறேன். அதற்குப் பிறகு உங்களின் சனிக்கிழமைகள் கடலுக்குப் போயின. என்னையும் வாங்கோ என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்டாள். நான் வேண்டுமென்றே சனிக்கிழமை ஓவர்டைம் கேட்டு வாங்கினேன். நீங்கள் சேற்று மணத்தோடு வீட்டுக்குள் வரும்போது, படி அழுக்காகிறது, கார்ப்பெட் நாறுகிறது என்று பேசினேன். ஒருமுறை நீ ஒரு சிப்பியை எனக்கென்று கொண்டுவந்து தந்தாய். "உதைக் குப்பையில போடு, புழு வரும்" என்றேன். நீ போடவில்லை. ஆனால் அதன் பிறகு எனக்கென்று ஒன்றும் கொண்டுவரவும் இல்லை. பிழை என் பக்கம் என்று அன்றே தெரியும். தெரிந்துகொண்டே செய்கிற பிழைதான் பொறாமைக்காரனின் பிழை. நீ யாரிலாவது பொறாமைப்பட்டால், நிரோ, அதை அன்றைக்கே அந்த ஆளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடு. சிரிப்பார்கள், அல்லது கோபிப்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் உனக்கு நல்லது. நான் அம்மாவிடம் "என்னையும் அந்தச் சேத்துக்குள்ள கூட்டிக்கொண்டு போ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கையைப் பிடித்து இறக்கியிருப்பாள்.

உன் பத்தாவது பிறந்தநாளுக்கு நான்தான் அந்தக் கண்ணாடித் தொட்டியை வாங்கித் தந்தேன். குறொய்டனில் இருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எட்டுக் கப்பி மீன், நீர்ப்பாசி, கூழாங்கல். உன்னைத் திரும்ப என் பக்கம் எடுக்கலாம் என்ற எண்ணம். மூன்று வருசம் நீ அதை ஒழுங்காகப் பார்த்தாய், குறை சொல்லமாட்டேன். கப்பிகள் வயது போய் ஒவ்வொன்றாகச் செத்து முடிந்ததும் ஒருநாள் வந்து, "அப்பா, இந்தத் தொட்டியைக் கடல் தண்ணியாக்கட்டோ?" என்று கேட்டாய். "உன்ர தொட்டிதானே" என்றேன். பிறகு நீயும் அம்மாவும் பைக்கட்டில் வாங்கின கடலுப்பை வாளியில் கரைத்து, உப்பளவு காட்டுகிற கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிட்டு, கொப்பியில் எழுதி, கரையில் இருந்து பிடித்துவந்த இறால் குஞ்சு, கல்லோடு ஒட்டிப் பூப்போல விரிகிற சீவன் கடற்சாமந்தி, ஒரு நண்டு என்று விட்டீர்கள். இந்தக் குசினிதான். நான் உள்ளே வந்தால் கதை நின்றுவிடும். "என்ன கதைக்கிறீங்கள்?" என்றால், "ஒண்டுமில்லை அப்பா, உப்புக் கதை" என்பாய்.

உனக்குப் பதின்மூன்று வயது. பெர்மிங்ஹாமில் அம்மாவின் தமையன் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. நீயும் அம்மாவும் வெள்ளிக்கிழமை போனீர்கள், எனக்கு சனிக்கிழமை காலை ஷிப்ட். போகுமுன் நீ ஒரு தாளில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாய். தீன் இரண்டு நேரம், ஒரு கிள்ளு. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால், வைத்திருக்கும் போத்தலில் இருந்து நன்னீர் ஒரு கப் மட்டும் விடவேண்டும். தண்ணீர் காற்றில் போகும், உப்புப் போகாது, அதனால் உப்புத்தண்ணீர் விடக்கூடாது என்று விளக்கமும் எழுதியிருந்தாய். எல்லாம் சரியாக எழுதியிருந்தாய். கடைசி வரி, "வேற ஒண்டும் செய்ய வேண்டாம் அப்பா, ப்ளீஸ்."

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வேலையால் வந்தேன். தீன் போடக் குனிந்தபோதுதான் தொட்டியின் பக்கவாட்டில் நீ ஒரு தாள் ஒட்டியிருந்ததைக் கண்டேன். 'அம்மாவின் கடல்'. தமிழில் எழுதியிருந்தாய். ழகரமும் றகரமும் பிழைக்கிற உனக்கு, இந்த மேசையில் உன் கையைப் பிடித்து எழுத்துச் சொல்லித் தந்தவன் நான். நான் வாங்கின தொட்டி, நான் சொல்லித் தந்த எழுத்து. தொட்டியைக் கழுவவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கோப்பையை எடுத்தேன், கோப்பை சின்னதாக இருந்தது, வாளியை எடுத்தேன். அரைத் தொட்டித் தண்ணீரை அள்ளிக் குசினிச் சிங்குக்குள் ஊற்றினேன். குழாயைத் திறந்து, லண்டன் குழாய்த் தண்ணீரை, வாளியில் பிடித்து அந்த அரைத் தொட்டியை நிரப்பினேன்.

கைதவறி நடந்ததில்லை. நன்னீர் ஒரு கப் மட்டும் என்று உன் தாளிலேயே இருந்தது. கூடினால் கடல் உயிருக்கு என்ன ஆகும் என்று அதற்கு முதலே எனக்குத் தெரியும். இறால் குஞ்சுகள் துள்ளின, பிறகு பக்கவாட்டில் சரிந்தன, பிறகு வெள்ளையாகின. சாமந்தி சுருங்கி ஒரு பழக்கொட்டைபோல ஆனது. நண்டு மட்டும் கல்லின் மேல் ஏறி, தண்ணீருக்கு வெளியே முகத்தை வைத்துக்கொண்டு இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. சமையல் உப்புப் போத்தலை எடுத்துக் கைநிறைய அள்ளிப் போட்டேன். அது இன்னும் கேடாகப் போயிருக்கும். பிறகு வாளியைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு ஈயைக்கூட அடிக்கமாட்டேன் என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஞாயிறு பின்னேரம் வந்து சப்பாத்தும் கழற்றாமல் நேரே தொட்டிக்குப் போனாய். சத்தம் போட்டு அழுவாய் என்று நினைத்தேன். கொப்பியை எடுத்தாய், பக்கம் பக்கமாகப் பார்த்தாய், கண்ணீர் தாளில் விழுந்தது. பிறகு திரும்பி, "அப்பா, நீங்கள் ஒரு கப்தானே விட்டனீங்கள்?" என்று கேட்டாய்.

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு நீ அம்மாவிடம் போய், "நான்தான் அம்மா உப்பைப் பிழையா அளந்திட்டன்" என்றாய். அம்மா உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை குஞ்சு, பிழை எல்லாருக்கும் வரும்" என்றாள். அப்போதும்கூட, நிரோ, அப்போதும்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது, நீ அவளிடம் போய் அழுகிறாய் என்று. அடுத்த சனிக்கிழமை இரண்டு பேருமாக அந்த நண்டை ஈரப் பாசியோடு பெட்டியில் வைத்துக்கொண்டுபோய் லீ சேற்றில் விட்டுவிட்டு வந்தீர்கள். தொட்டியைக் கழுவி, தேவையில்லை என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாய்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். தண்ணீரின் உப்புக் கூடிக் குறைந்தால் எந்த உயிர் எவ்வளவு தாங்கும் என்று நீ படித்தாய், பட்டம் எடுத்தாய், ஆராய்ச்சி எழுதினாய். எதையும் மூன்று தரம் அளக்கிற பழக்கம் உனக்கு வந்தது. கடைக்குப் போனால் கணக்குச் சீட்டை மூன்று தரம் பார்க்கிறாய், கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து தள்ளிப் பார்க்கிறாய். அம்மா அதைக் கவனம் என்கிறாள். எனக்கு அதன் வேர் தெரியும்.

விருந்தன்றைக்கு வருவோம். முப்பது பேர், சோறு, ஆட்டிறைச்சி, உன் அம்மாவின் நண்டுக்கறி. சாப்பாட்டுக்கு முன் நீ உன் வேலையைப் பற்றி விளங்கப்படுத்தினாய். கரையில் இருக்கிற பழைய மண்ணணையை ஒரு இடத்தில் வெட்டித் திறந்து, உள்ளே இருக்கிற புல்நிலத்துக்குள் கடலை விடப்போகிறார்கள், கொஞ்ச வருசத்தில் அது உவர்ச் சதுப்பு நிலமாகிவிடும், பெரிய அலை வந்தாலும் அந்தச் சதுப்பு ஊரைக் காக்கும் என்றாய். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அங்கேயும் கடல்தான் வெல்கிறது என்று நினைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப உள்ளுக்க வாய்க்காலில இருக்கிற நன்னீர்ச் சீவன்கள் செத்தால் பரவாயில்லையோ?" என்று கேட்டேன்.

நீ கோபிக்கவில்லை. "இல்லை அப்பா, அதுகளை முதல்ல மாத்திறம். உள்நாட்டுப் பக்கம் புதுக் குளங்கள் வெட்டியாச்சு. நீர் எலி, தவளை, தும்பிக் குஞ்சு எல்லாத்தையும் பிடிச்சு அங்க விட்ட பிறகுதான் அணையை வெட்டுவம். இனி எட்டு மாசத்துக்கு எனக்கு அதுதான் வேலை" என்றாய். பிறகு நான் சோடா எடுக்கக் குளிர்ப்பெட்டிக்குப் போனபோது பின்னால் வந்து, "நேர்முகத்தில மற்ற எல்லாரும் கடலைப் பற்றித்தான் கதைச்சவையாம். குளத்தைப் பற்றியும் தெரிஞ்சது நான் மட்டும்தானாம். அது நீங்கள் காட்டினது அப்பா" என்றாய். நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போத்தலோடு வந்துவிட்டேன். இவ்வளவு நாள் எதற்கு ஏங்கினேனோ அதை நீ கையில் தந்தாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இதை எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். அப்படிப்பட்டது என் மனம்.

சாப்பாடு முடிந்ததும் உன் சித்தி, "ஏன் பிள்ளை, இவ்வளவு படிச்சுப்போட்டு உந்தச் சேத்துக்குள்ள வேலை?" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டு எழும்பி, தொட்டிக் கதையைச் சொன்னாய். பதின்மூன்று வயதில் நீ உப்பைப் பிழையாக அளந்தது, ஒரு தொட்டி உயிரைக் கொன்றது, இனி ஒருநாளும் அளவு பிழைக்கக்கூடாது என்று அன்று முடிவெடுத்தது. "நான் சாகடிச்ச உயிர்களுக்குத்தான் இந்த வேலை" என்றாய். கடைசியில் உன் குரல் கொஞ்சம் உடைந்தது, வேறு யாரும் கவனித்தார்களோ தெரியாது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கை தட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது.

நீ உப்பைப் பிழையாக அளக்கவில்லை. நீ பெர்மிங்ஹாமில் இருந்து வர முதல் உன் கொப்பியை நான் எடுத்துப் பார்த்தேன், உன்னில் ஒரு பிழை கண்டுபிடிக்கலாமா என்று. வெள்ளி காலை அளந்தது, கிழமை முழுக்க அளந்தது, எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. பதின்மூன்று வயதுப் பிள்ளை அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தாய். ஒரு புத்தி சொல்லட்டுமா, சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதோ தெரியாது. ஏதாவது கெட்டுப்போனால் உடனே உன் பிழை என்று ஏற்றுக்கொள்கிறாய். அது நல்ல குணம் என்று உன்னைச் சுற்றி இருப்பவர்கள் சொல்வார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கு வசதி. உன் அளவு சரியாக இருந்தால் சரி என்று சொல். பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக் கேள். அவன் "ஓம்" என்று சொன்னாலும் இன்னொரு தரம் கேள், அவன் உன் அப்பாவாக இருந்தாலும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசை முடிந்து வந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தபோது அவளிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

"பிள்ளைக்குச் சொன்னீங்களோ?"

"இல்லை."

"பதினாறு வருசம் அது தன்ர பிழையெண்டு சொல்லித் திரியுது. அண்டைக்கு நீங்கள் நிண்டு கைதட்டினனீங்கள்."

"ஓம்."

"என்னில என்ன கோபம் உங்களுக்கு?"

"கோபமில்லை. எரிச்சல். உங்களுக்கு ரெண்டு பேருக்கும் நான் தேவையில்லாத மாதிரி."

அவள் உரித்த உள்ளியை ஒருபக்கம் தள்ளிவைத்தாள். பிறகு, "கரையில சப்பாத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கச் சொல்லி உங்களை ஆர் கேட்டது?" என்றாள். அழுகிறாளா என்று பார்த்தேன், அழவில்லை. நான் போனில் உன்னிடம் சொல்கிறேன் என்றேன். "போனில வேண்டாம். போனில சொன்னா அவள் 'பரவாயில்லை அப்பா' எண்டு சொல்லிப்போட்டு வச்சிடுவாள். எழுதுங்கோ. எழுதினா வாசிச்சுத்தான் ஆகவேணும்" என்றாள். அன்றிலிருந்து சாப்பாடு போடுகிறாள், தேத்தண்ணீர் தருகிறாள், கதைப்பதில்லை. எனக்காக அவள் கோபித்துக்கொண்டதில்லை, உனக்காகக் கோபித்துக்கொண்டிருக்கிறாள். அதையும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் இன்னொரு பொய் எழுதினவனாவேன். இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு நீ முதலில் அம்மாவுக்குத்தான் போன் எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். அதை நினைக்கும்போதே ஒரு எரிச்சல் வருகிறது. இருந்தாலும் அப்படியே செய். அவளுக்கே முதலில் எடு. நான் அந்த அறையில்தான் இருப்பேன், எழும்பிப் போகமாட்டேன். உன் குரல் கேட்கும், என்ன சொல்கிறாய் என்று விளங்காது. நீங்கள் எவ்வளவு நேரம் கதைத்தாலும் கதையுங்கள். அப்பாவிடம் கொடுங்கோ என்று நீ சொன்னால் வாங்கிக் கதைப்பேன். சொல்லாவிட்டால், நிரோ, சத்தியமாக, என்ன கதைத்தீர்கள் என்று அவளிடம் கேட்கமாட்டேன்.

அப்பா